செலனிய நனோத்துணிக்கைகள்: அவை தோன்றி வளரும் முறையும் கமத்தொழிலில் அவற்றின் பயனும்

நெல்லுக்கும் மரக்கறிப் பயிர்களுக்கும் இடப்படும் பசளைகள் அந்தர்க் கணக்கில் நிறுக்கப்படுவன. செலனியமோ ஓர் ஏக்கருக்குச் சில கிராம் என்னும் அளவிலேயே பேசப்படும் பொருளாகும். அச்சிறிய அளவு குறையின் விலங்குகள் நலியும். மிகின் அதே விலங்குகள் நஞ்சேறி மாளும். குறைவுக்கும் மிகைக்கும் இடையே உள்ள வெளி மிகவும் ஒடுங்கியது. ஆகவே செலனியம் எவ்வளவு கொடுக்கப்படுகின்றது என்பதோடு, எந்த உருவிற் கொடுக்கப்படுகின்றது என்பதும் கமக்காரர் அறிய வேண்டிய விடயமாகும்.

அண்மைக் காலத்திற் செலனியம் 'நனோ' உருவில் ஆக்கப்பட்டு, விலங்குணவிலும் இலைவழித் தெளிகரைசல்களிலும் சேர்க்கப்பட்டு வருகின்றது. போத்தலின் சுட்டியில் 'நனோ' என்னும் சொல் இருப்பதனால் மட்டும் அப்பொருள் சிறந்ததாகிவிடாது. துணிக்கை எவ்வாறு தோன்றியது, எவ்வளவு வளர்ந்தது, அதன் வளர்ச்சி எவ்வாறு நிறுத்தப்பட்டது என்னும் மூன்றுமே அதன் குணத்தைத் தீர்மானிக்கின்றன. இவற்றை விளக்குவதே இத்துண்டுப்பிரசுரத்தின் நோக்கமாகும்.

1. செலனியம் எத்தகைய மூலகம்?

சுவீடன் தேசத்தில் 1817 ஆம் ஆண்டிற் பெர்சீலியசு, கான் என்னும் இரசாயன அறிஞர் இருவர், கந்தகவமிலத் தொழிற்சாலையொன்றின் அறைகளிற் படிந்திருந்த செந்நிற மண்டியை ஆராய்ந்தனர். முதலில் அதனைத் தெலூரியம் என்றே அவர்கள் கருதினர். பின்னர் அது புதியதொரு மூலகம் எனத் தெளிவாயிற்று. தெலூரியம் பூமியின் பெயராற் குறிக்கப்பட்டதனால், அதற்கு உறவான இம்மூலகத்துக்குச் சந்திரனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயர் இடப்பட்டது.

செலனியத்தின் அணுவெண் 34. ஆவர்த்தன அட்டவணையில் இது கந்தகத்தின் நேர்கீழே அமைந்துள்ளது. இவ்வுறவு காரணமாக, தாவரங்கள் கந்தகத்தை உள்ளெடுக்கும் வழியாகவே செலனேற்றையும் உள்ளெடுத்து, தம் புரதங்களிற் கந்தகம் இருக்க வேண்டிய இடத்திற் செலனியத்தை அமைத்துவிடுகின்றன.

மண்ணிலும் நீரிலும் செலனியம் நான்கு நிலைகளிற் காணப்படும். அவை செலனேற்று, செலனைற்று, தனிச் செலனியம், செலனைட்டு என்பன. முதலிரண்டும் நீரிற் கரைவன. தனிச் செலனியம் நீரிற் கரைவது மிக அரிது. நனோத்துணிக்கைகள் யாவும் இத்தனிச் செலனியத்தால் ஆனவையே.

தனிச் செலனியத்துக்கும் பல பிறதிருப்ப உருவங்கள் உண்டு. பளிங்குருவற்ற செலனியம் செந்நிறமானது. அதன் அணுக்கள் ஒழுங்கின்றி அமைந்திருக்கும். நரைநிறச் செலனியம் பளிங்குருவானது. அதன் அணுக்கள் சுருள்வடிவான நீண்ட சங்கிலிகளாகத் தொடுக்கப்பட்டு, ஒன்றன்பக்கம் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். இவற்றுள் உறுதி மிக்கது நரைநிற உருவமே. செந்நிற உருவம் தக்க வாய்ப்புக் கிடைக்கும்போது நரைநிற உருவாக மாறும் இயல்புடையது. பின்வரும் விளக்கத்துக்கு இவ்வியல்பே அடிப்படையாகும்.

2. குறைவும் மிகையும்

ஐக்கிய அமெரிக்காவின் தென் டக்கோட்டா மாகாணத்திற் கால்நடைகளின் குளம்புகள் கழன்றும் மயிர் உதிர்ந்தும் போன ஒரு நோய் நெடுங்காலமாக நிலவியது. அப்பகுதியின் தானியத்திலும் புல்லிலும் இருந்த மிகையான செலனியமே அதற்குக் காரணம் என்பது 1930 களிற் கண்டறியப்பட்டது. அதன்பின் ஏறத்தாழக் கால் நூற்றாண்டு வரை செலனியம் வெறும் நஞ்சு என்றே எண்ணப்பட்டது.

1957 ஆம் ஆண்டிற் சுவாட்சு, வோல்சு என்னும் ஆராய்ச்சியாளர்கள், மிகச் சிறிதளவு செலனியம் எலிகளின் ஈரல் அழிவைத் தடுப்பதைக் காட்டினர். கோழிக்குஞ்சுகளின் தோலின்கீழ் நீர் கசிந்து தேங்கும் நோயையும், கன்றுகளின் தசை வெளிறி நலியும் நோயையும் செலனியம் தடுக்கும் என்பது அதனையடுத்துத் தெரியவந்தது. உயிர்க்கலங்களை ஒட்சியேற்றச் சிதைவினின்று காக்கும் நொதியமொன்றிற் செலனியம் உறுப்பாக உள்ளது என்பது 1973 இல் நிறுவப்பட்டது.

சீனாவின் கெசான் மாவட்டத்தில் 1935 இல் முதலில் இனங்காணப்பட்ட இருதய நோயொன்று, செலனியம் குறைந்த மண்ணையுடைய பகுதிகளிலேயே பரவியிருந்தது. 1970 களிற் சோடியம் செலனைற்று மாத்திரைகள் பிள்ளைகளுக்குக் கொடுக்கப்பட்டபோது அந்நோய் பெரிதும் குறைந்தது.

இலங்கையின் பதினைந்து கிராமங்களில் நடத்தப்பட்ட ஆய்வொன்று 2000 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. பெண்களுட் கணிசமான பகுதியினரின் தலைமயிரிற் செலனியம் குறைவாக இருப்பதை அது காட்டியது. மண்ணிற் செலனியம் இருந்தபோதிலும், களியும் சேதனப் பொருளும் அதனைப் பற்றிக்கொள்வதாற் பயிருக்கு அது எளிதிற் கிட்டுவதில்லை என்பதும் அவ்வாய்வினால் உணர்த்தப்பட்டது.

அளவுகளை நோக்குவோம். ஐக்கிய அமெரிக்காவில் 2000 ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட கணக்கின்படி, வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவையான செலனியம் 55 மைக்கிரோகிராம். தாண்டக்கூடாத எல்லை 400 மைக்கிரோகிராம். மைக்கிரோகிராம் என்பது ஒரு கிராமின் பத்திலட்சத்தில் ஒரு பங்கு. விலங்குணவிற் சேர்க்கத்தக்க செலனியம் அந்நாட்டிற் கிலோகிராமுக்கு 0.3 மில்லிகிராம் என 1987 இல் வரையறுக்கப்பட்டது. கிலோகிராமுக்கு 5 மில்லிகிராம் அளவான உணவை நெடுநாள் உண்ணும் விலங்குகளில் நஞ்சேற்றக் குறிகள் தோன்றலாம்.

3. நனோ அளவு

நனோமீற்றர் என்பது ஒரு மில்லிமீற்றரின் பத்திலட்சத்தில் ஒரு பங்காகும். பொதுவாக 100 நனோமீற்றருக்கு உட்பட்ட பருமனுள்ள துணிக்கைகளே நனோத்துணிக்கைகள் எனப்படும். செலனியத்தைப் பொறுத்தவரை 200 அல்லது 300 நனோமீற்றர் வரையிலான கோளங்களையும் வழக்கத்தில் இப்பெயராலேயே குறிப்பிடுவர்.

துணிக்கை சிறுக்கச் சிறுக்க அதன் மேற்பரப்புப் பெருகும். ஒரு கிராம் செலனியத்தை 0.05 மில்லிமீற்றர் விட்டமுள்ள மணிகளாக்கினால் அவற்றின் மொத்த மேற்பரப்பு ஏறத்தாழ 280 சதுர சதமமீற்றர். அஃதாவது ஓர் அப்பியாசக் கொப்பியின் ஒரு பக்கத்தின் அளவு. அதே ஒரு கிராமை 50 நனோமீற்றர் மணிகளாக்கினால் மேற்பரப்பு ஏறத்தாழ 28 சதுர மீற்றராகும். அஃதாவது ஒரு பெரிய அறையின் நிலத்தளவு. பொருள் ஒன்றே, நிறையும் ஒன்றே. எனினும் உயிர்க்கலங்களோடும் நீரோடும் தாக்கமுறும் பரப்பு ஆயிரம் மடங்காகிவிடுகின்றது.

4. ஆக்கும் முறை: தாழ்த்தல்

கரையும் உருவிலுள்ள செலனைற்றிலிருந்து ஒட்சிசனை நீக்கித் தனிச் செலனியத்தைப் பெறுவதே அடிப்படை முறையாகும். இது தாழ்த்தல் எனப்படும். அதனைச் செய்யும் பொருள் தாழ்த்துங்கருவியாகும். தேசிக்காயிலும் நெல்லிக்காயிலும் உள்ள உயிர்ச்சத்து சீ, அஃதாவது அசுக்கோபிக்கமிலம், இதற்குப் பெரிதும் பயன்படுகின்றது. தாக்கம் வருமாறு:

செலனியசமிலம் (1 மூலக்கூறு) + அசுக்கோபிக்கமிலம் (2 மூலக்கூறு) → செலனியம் (1 அணு) + ஒட்சியேறிய அசுக்கோபிக்கமிலம் (2 மூலக்கூறு) + நீர் (3 மூலக்கூறு)

நிறமற்ற செலனைற்றுக் கரைசலில் அசுக்கோபிக்கமிலக் கரைசலைத் துளித்துளியாகச் சேர்க்கும்போது, கலவை முதலில் மஞ்சளாகவும், பின்னர்ச் செம்மஞ்சளாகவும், துணிக்கை பருக்கப் பருக்கச் செங்கல் நிறமாகவும் மாறும். பயிற்சி பெற்ற கண்ணுக்கு இந்நிற மாற்றமே துணிக்கையின் பருமனைக் காட்டும் முதற் குறியாகும். சரியான அளவை அறிதற்கு இலத்திரன் நுணுக்குக்காட்டி வேண்டும்.

சோடியம் செலனைற்று கடும் நஞ்சு. வேறு முறைகளிற் பயன்படும் ஐதரசீன் என்னும் தாழ்த்துங்கருவியும் அத்தகையதே. எனவே இம்முறைகள் ஆய்வுகூடத்துக்கு உரியவையன்றி வீட்டுக்கோ தோட்டத்துக்கோ உரியவையல்ல.

5. கரு தோன்றலும் வளர்தலும்

உப்பளத்தின் வேலை அறிந்தவர்களுக்கு இப்பகுதி எளிதில் விளங்கும். வெயில் கடுமையாக எறித்து நீர் விரைவில் வற்றும்போது எண்ணிறந்த சிறு பளிங்குகள் ஒருங்கே தோன்றிப் பொடியுப்பு விளையும். நீர் அசையாது மெல்ல வற்றும்போது சில பளிங்குகளே தோன்றி, அவை பருத்துக் கல்லுப்பாகும். செலனியத் துணிக்கைகளும் இவ்வாறே விளைகின்றன.

தாழ்த்தல் தொடங்கியதும் தனிச் செலனிய அணுக்கள் கரைசலிற் பெருகும். கரைசல் தாங்கக்கூடிய எல்லையை அவை வெகுவாகக் கடந்தவுடன், சில அணுக்கள் கூடிக் கருக்களாகும். கரு தோன்றத் தொடங்கியதும் கரைசலில் அணுக்களின் செறிவு குறைவதாற் புதிய கருக்கள் தோன்றுவது நின்றுவிடும். அதன்பின் வரும் அணுக்கள் யாவும் முன்னர்த் தோன்றிய கருக்களின்மேற் படிந்து அவற்றை வளர்க்கும். இவ்விளக்கத்தை இலாமெர், தினெகர் என்போர் 1950 இற் கந்தகத் துணிக்கைகளை ஆராய்ந்து வெளியிட்டனர். கந்தகத்துக்கு உறவான செலனியத்துக்கும் அது பொருந்துகின்றது.

இதிலிருந்து பெறப்படும் விதி எளிது. தாழ்த்தல் விரைவாக நிகழின் கருக்கள் பல, துணிக்கைகள் சிறியன. தாழ்த்தல் மெதுவாக நிகழின் கருக்கள் சில, துணிக்கைகள் பெரியன. கரு தோன்றும் பருவமும் வளரும் பருவமும் தெளிவாகப் பிரிந்திருப்பின் துணிக்கைகள் ஒரே சீராக அமையும். இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிடின், முதலிற் பிறந்தவை பருத்தும் பின்னர்ப் பிறந்தவை சிறுத்தும் பலதிறப்பட்ட பருமன்கள் விளையும்.

செலனைற்று முழுவதும் தீர்ந்த பின்னரும் வளர்ச்சி ஓய்வதில்லை. சிறு துணிக்கைகள் மெல்லக் கரைய, கரைந்த பொருள் பெரிய துணிக்கைகளிற் சென்று படியும். இவ்வியல்பை ஒசுவாலது என்னும் அறிஞர் 1896 இல் எடுத்துரைத்தார். அன்றியும் துணிக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கூடுவதும் உண்டு. 50 நனோமீற்றர் விட்டமுள்ள எட்டுத் துணிக்கைகள் சேர்ந்து 100 நனோமீற்றர் விட்டமுள்ள ஒரே துணிக்கையானால், அவற்றின் மேற்பரப்புப் பாதியாகிவிடும்.

இவ்வளர்ச்சியைத் தடுத்தற்கு ஒரு போர்வை வேண்டும். புரதம், மாப்பொருள், பிசின் போன்றவை கரைசலிற் சேர்க்கப்பட்டால், அவை ஒவ்வொரு துணிக்கையையும் மெல்லிய படையாகச் சூழ்ந்து, ஒன்று மற்றொன்றை அணுகாதவாறு காக்கும். மாட்டுக் குருதியிலுள்ள அல்புமின் என்னும் புரதத்தின் அளவைக் கூட்டியும் குறைத்தும், 5 முதல் 200 நனோமீற்றர் வரையிலான வெவ்வேறு பருமன்களையுடைய செந்நிறத் துணிக்கைகளைச் சீன ஆராய்ச்சியாளர்கள் பெற்றுள்ளனர். போர்வையில்லாத நனோச் செலனியம் நெடுநாள் நனோவாக இருப்பதில்லை என்பதே இங்கு மனங்கொள்ள வேண்டியது.

6. கோளமும் கம்பியும்

வளர்ச்சியை நிறுத்தாது வேறு வழியிற் செலுத்தினால் முற்றிலும் வேறான உருவம் விளையும். ஐக்கிய அமெரிக்காவின் வாசிங்டன் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட முறை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். அவர்கள் செலனியசமிலத்தை மிகையான ஐதரசீனுடன் கொதிநிலையிற் சூடாக்கிச் செந்நிறக் கோளங்களைப் பெற்றனர். அக்கலவை குளிர்ந்தபோது, கரைந்திருந்த சிறிதளவு செலனியம் நரைநிறப் பளிங்குக் கருக்களாகப் படிந்தது. கலவையை இருளில் வைத்திருக்க, உறுதி குறைந்த செந்நிறக் கோளங்கள் படிப்படியாகக் கரைந்தன. கரைந்த செலனியம் நரைநிறக் கருக்களில் ஏறி, 10 முதல் 30 நனோமீற்றர் தடிப்புள்ள நீண்ட கம்பிகளாக வளர்ந்தது.

அது கோளமாகாது கம்பியானதன் காரணம் பளிங்கின் அமைப்பிலேயே உள்ளது. நரைநிறச் செலனியத்தின் சங்கிலிகளில் அணுக்கள் நீளவாட்டில் வலிமையாகவும், சங்கிலிகள் பக்கவாட்டில் மென்மையாகவும் பிணைக்கப்பட்டுள்ளன. எனவே புதிய அணுக்கள் சங்கிலியின் நுனியிற் சேர்வதையே நாடுகின்றன. ஒளிபட்டால் மின்கடத்தும் தன்மை பெருகும் இயல்பு செலனியத்தில் 1873 இற் கண்டறியப்பட்டது. ஆகவே இக்கம்பிகள் ஒளியுணர் கருவிகளுக்கு ஏற்றவை. விலங்குணவுக்கும் பயிருக்கும் நாடப்படுவனவோ செந்நிறக் கோளங்களே.

7. நுண்ணுயிர்களின் தொழில்

மனிதர் ஆய்வுகூடத்திற் செய்வதைப் பற்றீரியாக்கள் சேற்றிற் செய்து வருகின்றன. கலிபோர்ணியாவின் சான் யோவாக்கின் பள்ளத்தாக்கிற் பாசன வயல்களிலிருந்து வடிந்த நீர், மண்ணிலிருந்த செலனியத்தைக் கரைத்துச் சென்று கெசுற்றர்சன் நீர்த்தேக்கத்திற் சேர்ந்தது. 1983 இல் அங்கு நீர்ப்பறவைகளின் குஞ்சுகள் கண்ணும் அலகும் காலும் சிதைந்து பிறந்தன. பாசனமும் வடிகாலும் செய்யும் நாடுகள் யாவற்றுக்கும் இது ஓர் எச்சரிக்கையாயிற்று.

அப்பள்ளத்தாக்கின் வடிகால் நீரைச் சார்ந்த ஆய்வுகளிற் 'தௌவேரா செலனேற்றிசு' என்னும் பற்றீரியா இனங்காணப்பட்டு, 1993 இல் விவரிக்கப்பட்டது. அது ஒட்சிசனுக்குப் பதிலாகச் செலனேற்றைச் சுவாசத்துக்குப் பயன்படுத்தும் ஆற்றலுடையது. இத்தகைய பற்றீரியாக்களின் தொழிலால், கரையும் நஞ்சு கரையாத செந்நிறச் செலனியமாக மாறுகின்றது. வேறு மூன்று இனங்கள் ஏறத்தாழ 300 நனோமீற்றர் விட்டமுள்ள சீரான கோளங்களை ஆக்குவது 2004 இல் வெளியிடப்பட்டது. இனத்துக்கு இனம் அக்கோளங்களின் உள்ளமைப்பு வேறுபட்டது என்பதும் அப்போது அறியப்பட்டது.

நீர் தேங்கிய நெல்வயலிலும் ஒட்சிசன் குறைவதால் இத்தகைய தாழ்த்தல் நிகழும். செலனேற்றும் செலனைற்றும் தனிச் செலனியமாகவும் செலனைட்டாகவும் மாறுவதால், நெல்லுக்குக் கிட்டும் செலனியம் குறைகின்றது.

8. பயிரிலும் விலங்கிலும் பயன்

கோதுமை நாற்றுக்களிற் செய்யப்பட்டு 2018 இல் வெளியிடப்பட்ட ஆராய்ச்சியொன்று, துணிக்கையின் பருமன் எத்துணை முக்கியமானது என்பதைக் காட்டுகின்றது. 40 நனோமீற்றர் துணிக்கைகள், 140 நனோமீற்றர் துணிக்கைகளிலும் 1.8 மடங்காகவும், 240 நனோமீற்றர் துணிக்கைகளிலும் 2.2 மடங்காகவும் வேர்களால் உள்ளெடுக்கப்பட்டன. உள்ளே சென்ற துணிக்கைகள் விரைவில் ஒட்சியேறிச் செலனைற்றாகி, பின்னர்ச் சேதனச் செலனியமாகின்றன. கரையும் செலனைற்றை நோக்க, துணிக்கைகள் மெதுவாகவே உள்ளெடுக்கப்படும்.

நச்சுத்தன்மை பற்றியும் ஒரு கணக்கு உண்டு. 2001 இல் வெளியிடப்பட்ட சீன ஆராய்ச்சியிற் சுண்டெலிகளுட் பாதியைக் கொல்லும் அளவு, சோடியம் செலனைற்றில் உடல் நிறையின் கிலோகிராமுக்கு ஏறத்தாழ 16 மில்லிகிராம் செலனியமாகவும், நனோச் செலனியத்தில் 113 மில்லிகிராமாகவும் இருந்தது. நச்சுத்தன்மை ஏழிலொரு பங்காகக் குறைந்தது என்பது, நச்சுத்தன்மை அற்றுப்போயிற்று என்பதன்று.

நனோ உருவே செலனியக் குறைவைத் தீர்க்கும் ஒரே வழி என எண்ணுதலும் பொருந்தாது. பின்லாந்து அரசாங்கம் 1984 இல் முடிவுசெய்து, 1985 முதல் நாடெங்கும் கலப்புப் பசளைகளிற் சோடியம் செலனேற்றைச் சேர்ப்பித்தது. தானியப் பசளையில் அதன் தொடக்க அளவு கிலோகிராமுக்கு 16 மில்லிகிராம் செலனியம். எத்தயருக்கு 500 கிலோகிராம் பசளை இட்டாற் சேரும் செலனியம் 8 கிராம். ஏக்கருக்கு ஏறத்தாழ 3.2 கிராம். மக்களின் குருதியிற் செலனியம் உயர்ந்தமையால், 1990 இல் அவ்வளவு 6 மில்லிகிராமாகக் குறைக்கப்பட்டது. பின்னர் 1998 இல் 10 ஆகவும் 2007 இல் 15 ஆகவும் திருத்தப்பட்டது. அளந்து இடுதல், விளைவைச் சோதித்தல், மீண்டும் திருத்துதல் என்னும் ஒழுங்கே அங்கு வெற்றி தந்தது.

9. களஞ்சியமும் வெப்பமும்

பளிங்குருவற்ற செலனியம் ஏறத்தாழ 30 முதல் 45 பாகை செல்சியசு வரையிலான வெப்பநிலையில் நெகிழத் தொடங்கும். நெகிழ்ந்த துணிக்கைகள் எளிதில் ஒட்டிக் கூடும்; நரைநிற உருவாக மாறுதலும் விரைவுபடும். குளிர்நாடுகளிற் பெரிதாகத் தோன்றாத இக்குறை, உலர்வலயத்திற் பகல் வெப்பநிலை 30 பாகையைத் தாண்டும் காலங்களிற் கவனிக்கத்தக்கதாகின்றது. தகரக் கூரையின்கீழ் வெப்பம் இன்னும் மிகும். நல்ல போர்வையுள்ள துணிக்கைகள் இதனைப் பெரிதும் தாங்கும். போர்வை குன்றியவை தாங்கா.

செம்மஞ்சளாகவோ செந்நிறமாகவோ இருந்த கரைசல் கருநிறமாக மாறி, குலுக்கியும் கலவாத மண்டியாக அடியிற் படிந்திருப்பின், துணிக்கைகள் வளர்ந்துவிட்டன என்று கொள்ளலாம். அதிலுள்ள செலனியத்தின் நிறை குறையவில்லை. ஆனால் அது சீராகப் பரவாது. மேலே ஊற்றப்படுவதிற் செலனியம் குறைவாகவும், அடியில் எஞ்சுவதில் மிகையாகவும் இருக்கும். கடைசி வாளியைப் பெறும் விலங்கோ பாத்தியோ முழு அளவையும் ஏற்க நேரிடும். அத்தகைய கரைசலைப் பயன்படுத்தலாகாது.

10. கவனிக்க வேண்டியவை

(அ) சுட்டியிற் செலனியத்தின் அளவு லீற்றருக்கு அல்லது கிலோகிராமுக்கு எத்தனை மில்லிகிராம் எனக் குறிக்கப்படாத பொருளை வாங்கலாகாது. துணிக்கையின் பருமனும் போர்வைப் பொருளும் குறிக்கப்பட்டிருத்தல் நன்று.

(ஆ) சேர்க்கும் அளவைக் கணக்கிட்டே சேர்த்தல் வேண்டும். லீற்றருக்கு 500 மில்லிகிராம் செலனியமுள்ள கரைசலை 100 கிலோகிராம் கோழித்தீனிற் கலக்கும்போது, கிலோகிராமுக்கு 0.3 மில்லிகிராம் என்னும் எல்லை 60 மில்லிலீற்றரிலேயே எட்டப்படும். தவறி 600 மில்லிலீற்றர் சேர்த்தால் அவ்வெல்லை பத்து மடங்கு கடக்கப்பட்டுத் தீன் ஆபத்தான அளவை நெருங்கும்.

(இ) செலனியம் ஏற்கெனவே சேர்க்கப்பட்ட தீனுக்கு மீண்டும் சேர்த்தலாகாது.

(ஈ) கரைசலை நிழலிலும் குளிர்ந்த இடத்திலும் ஒளிபடாத போத்தலிலும் வைத்தல் வேண்டும், பிள்ளைகளுக்கு எட்டலாகாது. மிகுதியையும் கழுவிய நீரையும் கிணற்றோரத்திலோ குளத்திலோ ஊற்றலாகாது.

(உ) மண்ணையோ தீனையோ சோதித்துக் குறைவு உண்டென அறிந்த பின்னரே செலனியம் கொடுத்தல் தகும். பயிருக்கு விவசாயப் போதனாசிரியரின் ஆலோசனையையும், கால்நடைக்கு மிருக வைத்தியரின் ஆலோசனையையும் முன்னதாகப் பெறுதல் வேண்டும்.

செலனியத்தின் நன்மை அதன் பெயரில் இல்லை. அதன் அளவிலும் உருவிலுமே உள்ளது. கரு தோன்றும் கணம் முதற் களஞ்சியத்தில் வைக்கப்படும் நாள் வரை துணிக்கையின் வளர்ச்சி கட்டுக்குள் இருந்தாலன்றி, நனோ என்னும் பெயருக்கு அப்பொருள் உரியதாகாது. அளவு கட்டுக்குள் இருந்தாலன்றி, மருந்து என்னும் பெயருக்கும் அது உரியதாகாது.